சுவாசக் கருவியும் அதனை இயக்கும் கைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் மாலை அமர்வில் மருத்துவப் பயிற்றுநர்கள் இருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாங்கள் இருவரும் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். எங்களுள் ஒருவர் மயக்கவியல் படித்து, பின்னர் தீவிர சிகிச்சை மருத்துவத்திற்கு வந்தவர். மற்றவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி, இப்போது செவிலியர்க்கும் இளம் மருத்துவர்க்கும் பயிற்சி அளிப்பவர். ஆகவே இவ்வுரையில் ‘நாங்கள்’ என்று வருமிடமெல்லாம் அது இருவரின் சொல் என்றே கொள்ள வேண்டுகிறோம்.

அரசு மருத்துவமனை ஒன்றுக்கு வெண்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவி ஒன்றை ஜமாஅத் சார்பில் வாங்கி அளிக்கலாம் என்று உறுப்பினர் சிலர் முன்மொழிந்திருப்பதாகவும், அது குறித்து எங்கள் கருத்தைக் கூற வேண்டும் எனவும் நிர்வாகக் குழுவினர் கேட்டுக் கொண்டனர். எண்ணம் மிக நல்லது. எனினும் கருவியைப் பற்றிப் பேசுமுன், அதனை இயக்கும் கைகளைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். அக்கைகள் எங்கே, யாரிடம், எதன் மீது பழகுகின்றன என்ற கேள்வியை நம் நாட்டில் கேட்போர் குறைவு. கொடையாளர்கள் கேட்பது அதனினும் குறைவு.

வெண்டிலேட்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் அழுகை தொடங்கி விடுகிறது. ‘அதில் போட்டு விட்டார்களாம், இனி அவ்வளவுதான்’ என்று உறவினர்க்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. இது சரியன்று. வெண்டிலேட்டர் நோயைக் குணப்படுத்தும் கருவியும் அன்று, உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மாயப் பெட்டியும் அன்று. நுரையீரலும் மூச்சுத் தசைகளும் களைத்து நிற்கும்போது, மருந்தும் உடலும் தம் வேலையைச் செய்து முடிக்கும் வரை, காற்றை உள்ளே தள்ளி வெளியே விடுகின்ற ஒரு தாங்குகோல் அது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் இயல்பாக மூச்சு விடும்போது மார்பு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. கருவியோ காற்றை உள்ளே தள்ளுகிறது. தள்ளும் அளவு கூடினால் நுரையீரல் கிழியும், குறைந்தால் சுருங்கும். வெளியே விடுவதற்குக் காலம் போதாவிட்டால் காற்று உள்ளேயே தேங்கும். ஆகவே அதன் பொத்தான்கள் ஒவ்வொன்றும் மருந்தின் அளவைப் போன்றவை.

இதனை நாங்கள் நூலில் படித்து அறிந்ததைவிட ஓர் இரவில் கண்டு அறிந்ததே அதிகம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நாங்கள் பணியிலிருந்த மருத்துவமனை ஒன்றில், கடுமையான ஆஸ்துமாவுடன் ஓர் இளம்பெண் நள்ளிரவில் கொண்டுவரப்பட்டார். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி வெண்டிலேட்டரில் இணைத்தாயிற்று. அன்றிரவு பொறுப்பிலிருந்தவர் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர். அறிவாளி, உழைப்பாளி, நோயாளியின் தாயாரிடம் அமர்ந்து பேசும் பண்புடையவர். ஒரு மணி நேரம் கழித்து இரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு மிகுந்திருப்பது தெரிந்தது. கரியமில வாயுவைக் குறைக்க மூச்சின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பது பாலபாடம். அவரும் நிமிடத்திற்கு 14 என்றிருந்ததை 28 ஆக உயர்த்தினார்.

சில நிமிடங்களில் எச்சரிக்கை மணி ஒலித்தது. இரத்த அழுத்தம் சரிந்தது. அவர் சலைனை வேகமாக ஓட விட்டார், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைக் கொண்டுவரச் சொன்னார், எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். அழுத்தம் மேலும் சரிந்தது. அப்போது அடுத்த படுக்கையில் பணியிலிருந்த மூத்த செவிலியர் ஒருவர் ஓடிவந்து, யாரையும் கேளாமல், கருவியின் குழாயை நோயாளியின் குழாயிலிருந்து கழற்றிவிட்டார். உள்ளே அடைபட்டுக் கிடந்த காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. நெடுநேரம் வெளியேறியது என்று அவ்விடத்தில் நின்றோர் பின்னர் கூறினர். இரத்த அழுத்தம் ஏறியது. அந்தப் பெண் நலம் பெற்று வீடு திரும்பினார்.

நடந்தது என்ன? ஆஸ்துமாவில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதே கடினம். நிமிடத்திற்கு 28 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது இரண்டு வினாடிக்கும் சற்று அதிகம். உள்ளே தள்ள ஒரு வினாடி போனால் வெளியேற எஞ்சுவது ஒரு வினாடியும் சிறு துளியும். முந்தைய மூச்சு வெளியேறுமுன் அடுத்த மூச்சு உள்ளே வந்து ஏறிக் கொள்கிறது. இப்படி அடுக்கடுக்காய்த் தேங்கிய காற்று மார்புக்குள் இதயத்தை அழுத்த, இதயத்திற்கு இரத்தம் திரும்பி வருவதே தடைபடுகிறது. நிமிடத்திற்கு 10 என வைத்தால் ஒரு மூச்சுக்கு ஆறு வினாடி, வெளியேற ஐந்து வினாடி. கரியமில வாயு சற்று மிகுந்தே இருக்கட்டும் என்று பொறுத்துக் கொள்வதே அங்கே சிகிச்சை.

மறுநாள் அந்த மாணவரிடம் பேசியபோது எங்களை வருத்தியது ஒன்று. இவையனைத்தும் அவருக்குத் தெரிந்திருந்தன. சில மாதங்களுக்கு முன் எழுதிய தேர்வில் இதே வினாவுக்குச் சரியாக விடையெழுதியிருந்தார். தெரிந்தது கைக்கு வரவில்லை. அது அவர் குற்றமன்று. அந்தக் காட்சியை அதற்கு முன் அவர் கண்டதேயில்லை. காட்டியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். வேறு சில இரவுகளும் உண்டு. அவை இவ்வாறு முடியவில்லை. அவற்றை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

மருத்துவக் கல்வியில் ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி’ என்பது நெடுங்கால வழக்கம். அந்த ‘ஒன்று’ என்பது ஒரு மனிதர் என்பதைச் சொல்வோரும் கேட்போரும் மறந்து விடுகின்றனர்.

செயற்கைச் சுவாசத்தின் வரலாறே இப்படித்தான் தொடங்கியது. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொடுமையாகப் பரவியது. பிளக்டாம் மருத்துவமனைக்கு நாள்தோறும் நோயாளிகள் வந்து குவிந்தனர். அங்கே இருந்தவை இரும்பு நுரையீரல் எனப்பட்ட பெரிய கருவி ஒன்றும், மார்பைச் சுற்றிப் பொருத்தும் கவசக் கருவிகள் ஆறும் மட்டுமே. முதல் சில வாரங்களில் இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர் அழைக்கப்பட்டார். 1952 ஆகஸ்ட் 27 அன்று, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் அத்தனை நோயாளிகளுக்கும் இரவும் பகலும் பை அமுக்க ஆள் வேண்டுமே? ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து மாதக்கணக்கில் அமுக்கினர். முன்பு நூற்றுக்கு எண்பதுக்கும் மேலாக இருந்த இறப்பு பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பிறப்பிடமாக அதனைக் கூறுவர்.

அந்த மாணவர்களின் தொண்டினை எண்ணும்போதெல்லாம் நாங்கள் நெகிழ்கிறோம். அதே வேளையில் மற்றொன்றையும் எண்ணுகிறோம். எத்தனை விரைவாக, எத்தனை பலமாக அமுக்குவது என்பதை அவர்கள் எங்கே கற்றனர்? நோயாளியின் முகத்தைப் பார்த்து, நோயாளியிடமே கற்றனர். அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு உண்டு.

அவ்வழி முதலில் தோன்றியது மருத்துவத்தில் அன்று, வானூர்தித் துறையில். அமெரிக்காவின் எட்வின் லிங்க் என்பவருடைய தந்தையார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். ஆர்கன் என்பது நம் ஆர்மோனியப் பெட்டியைப் போலத் துருத்தியால் காற்றடித்து இசைக்கும் பெரிய கருவி. மகனுக்கோ விமானம் ஓட்டுவதில் ஆசை. ஆர்கனின் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் அசையும் ஒரு சிறு போலி விமானத்தை 1929இல் அவர் செய்து முடித்தார். முதலில் அதனைப் பொழுதுபோக்குப் பொருளாகவே பலரும் பார்த்தனர். 1934இல் அமெரிக்க இராணுவ விமானப் படையினர் தபால் கொண்டு செல்லும் பணியை ஏற்று, மோசமான வானிலையில் பறக்கப் பழகாத விமானிகள் பலர் அடுத்தடுத்து மாண்ட பின்னரே, இராணுவம் அதில் ஆறு வாங்கியது. உயிர்கள் போன பிறகுதான் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது என்பது எந்நாட்டிற்கும் பொதுவான பழக்கம் போலும்.

மருத்துவத்தில், நார்வே நாட்டின் பொம்மை உற்பத்தியாளரான அஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டப் பழகுவதற்கான ஆளுயரப் பொம்மையை 1960இல் வெளியிட்டார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில், மயக்க மருந்து கொடுக்கவும் மூச்சுக்குழாய் செலுத்தவும் பழகுவதற்காக, கணினியால் இயங்கும் ‘சிம் ஒன்’ என்ற பொம்மை உருவானது. பின்னர் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கபா என்பவரும் அவர் குழுவினரும், அறுவை அரங்கையே பாவனையாக அமைத்து, நெருக்கடியில் மருத்துவக் குழு எவ்வாறு பேசிக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்பிக்கத் தொடங்கினர். 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டபோது, இத்தகைய பாவனைப் பயிற்சியையும் தீர்வுகளுள் ஒன்றாகப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக் கூடம் இருக்க வேண்டும் என்பது இப்போது விதியாகி விட்டது. கூடம் இருக்கிறது. பூட்டுப் போட்டும் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு. நாங்கள் பார்த்த வரையில் அது முழுவதும் வேடிக்கையன்று.

இனி எங்கள் பயிற்சி அறைக்குள் உங்களை அழைத்துச் செல்கிறோம்.

அங்கே கட்டிலில் நோயாளி இல்லை. மேசை மீது ஒரு வெண்டிலேட்டர். அதன் குழாயின் முனையில், கால்பந்தின் உட்பையைப் போன்ற ஒரு சிறு ரப்பர்ப் பை. இதனைச் சோதனை நுரையீரல் என்பர். கருவி வாங்கும்போது பெரும்பாலும் கூடவே வரும். மாணவர் கருவியை இயக்குகிறார். பை விரிந்து சுருங்குகிறது. திரையில் அழுத்தம், ஓட்டம், அளவு எனக் கோடுகள் மூன்று ஓடுகின்றன. இப்போது நாங்கள் பையைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையங்களை மாட்டுகிறோம். பை விரிய மறுக்கிறது. அதே அளவு காற்றுக்கு அழுத்தம் தாவி ஏறுகிறது. ‘இது நிமோனியாவால் இறுகிய நுரையீரல்’ என்கிறோம். வளையங்களைக் கழற்றிவிட்டு, பெரியவர்க்கான குழாய்க்குப் பதில் குழந்தைக்கான மெல்லிய குழாயை நடுவில் பொருத்துகிறோம். இப்போதும் அழுத்தம் ஏறுகிறது. ஆனால் காற்றோட்டத்தை ஒரு கணம் நிறுத்தினால் அழுத்தம் உடனே விழுகிறது. ‘இது ஆஸ்துமா’ என்கிறோம். ஓடும்போது மட்டும் அழுத்தம் மிகுவது குழாயின் குற்றம், நின்ற பின்னும் மிகுந்திருப்பது நுரையீரலின் குற்றம். பாடநூல் பல பக்கங்களில் விளக்கும் வேறுபாடு இது. இரண்டு ரப்பர் வளையங்களில் மாணவர் கண்ணுக்கு விளங்கிவிடுகிறது.

அதற்கடுத்து அந்த ஆஸ்துமா இரவை மீண்டும் நடத்துகிறோம். மெல்லிய குழாயை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை 28 ஆக உயர்த்தச் சொல்கிறோம். பை முழுவதும் சுருங்காமலே மறுபடி உப்புகிறது. ஓட்டத்தைக் காட்டும் கோடு அடிவரைக்குத் திரும்பாமல் பாதியில் வெட்டுண்டு நிற்கிறது. அக்கோட்டின் வடிவத்தைக் கண் ஒருமுறை கண்டுவிட்டால் மறப்பதில்லை. பிறகு குழாயைக் கழற்றச் சொல்கிறோம். பெரும்பாலோர் தயங்குகின்றனர். உயிர் காக்கும் கருவியிலிருந்து நோயாளியைக் கழற்றுவது பாவமென்று கை சொல்கிறது. அந்தத் தயக்கத்தை ரப்பர்ப் பையின் முன்னே தீர்த்துக் கொள்ளட்டும் என்பதே எங்கள் நோக்கம்.

பெரிய நிறுவனங்களில் இதைவிட நுட்பமான கருவிகள் உள்ளன. இரு துருத்திகளை இரு நுரையீரல்களாக வைத்து, கம்பிச்சுருளை நகர்த்தி ஒவ்வொன்றின் இறுக்கத்தையும் மாற்றத்தக்க மாதிரி ஒன்று அமெரிக்காவின் மிச்சிகனில் செய்யப்படுகிறது. லிங்க் அவர்களின் துருத்தி இங்கும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். ஏ.எஸ்.எல். 5000 என்னும் கருவி, கணினியின் கட்டளைப்படி உந்துதண்டால் இயங்கி, நோயாளி தானாக மூச்சிழுக்க முயல்வதையும் நடித்துக் காட்டும். இது முக்கியமானது. ஏனெனில் உண்மையான நோயாளி ரப்பர்ப் பையைப் போலச் சும்மா கிடப்பதில்லை. கருவி தள்ளும்போது அவர் வெளியே ஊதுவார். அவர் இழுக்கும்போது கருவி கவனியாது நிற்கும். ஒரே இழுப்பிற்கு இருமுறை காற்று போய்ச் சேர்வதும் உண்டு. நோயாளியும் கருவியும் இவ்வாறு மல்லுக்கட்டுவதைக் கண்டு, ‘முரண்டு பிடிக்கிறார், தூக்க மருந்தைக் கூட்டு’ என்று சொல்வது எளிது. முரண்டு பிடிப்பது நோயாளியா, நாம் வைத்த அளவுகளா என்று கேட்கப் பழக்குவது கடினம். தூக்க மருந்து கூடும்தோறும் கருவியிலிருந்து விடுபடும் நாள் தள்ளிப் போகிறது.

கணினித் திரையிலேயே வெண்டிலேட்டரையும் நுரையீரலையும் காட்டும் மென்பொருள்களும் உள்ளன. பிரேசில் நாட்டு மருத்துவர்கள் உருவாக்கிய எக்ஸ்லங் அவற்றுள் ஒன்று. கருவித் தயாரிப்பாளர் சிலரும் இத்தகையவற்றை அளிக்கின்றனர். வீட்டிலிருந்தே பழகலாம் என்பது இவற்றின் நன்மை. கைக்கு வேலையில்லை, காதில் மணி ஒலிப்பதில்லை, பக்கத்தில் யாருமில்லை என்பது குறை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இவை எதுவுமன்று. அது ஆட்டு நுரையீரல்.

கறிக்கடையில் மூச்சுக்குழாய் அறுபடாமல், இரு புறமும் கிழிசலின்றி, அன்று அறுத்த ஆட்டின் நுரையீரலைக் கேட்டு வாங்குவோம். முதல்முறை கேட்டபோது கடைக்காரர், “கறி வேணாமா டாக்டர்? வெறும் நுரையீரல், அதுவும் குழாயோட? வீட்ல என்ன சமையல்?” என்று வியந்தார். இப்போது நாங்கள் தொலைபேசியில் சொன்னால் போதும், கத்தி படாமல் பத்திரமாக எடுத்து வைத்து விடுகிறார். எங்கள் பயிற்சித் திட்டத்தில் அவருக்கும் ஒரு பங்குண்டு என்றே கருதுகிறோம். வீட்டில் குர்பானி கொடுக்கும் நாளில் நுரையீரலைப் பார்த்திருப்பீர்கள். சுருங்கி, கருஞ்சிவப்பாய், ஈரத் துணியைப் போலக் கிடக்கும். அதன் மூச்சுக்குழாயில் குழாயைச் செருகிக் கட்டி, கருவியில் இணைத்து, அழுத்தத்தை மெல்ல உயர்த்துகிறோம். முதலில் ஒன்றும் நிகழ்வதில்லை. சிறிது நேரத்தில் ஓரிடத்தில் இளஞ்சிவப்புத் திட்டு ஒன்று தோன்றும். பிறகு மற்றோரிடம், பிறகு பூப்போல விரிந்து விரிந்து முழுவதும் வெளிறிய சிவப்பாய் எழும்பும். மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பின்னர் அழுத்தம் முழுவதையும் விட்டால் மீண்டும் திட்டுத் திட்டாய்ச் சுருங்கும். மூச்சின் முடிவில் சிறிதளவு அழுத்தத்தை விட்டு வைத்தால் திறந்தபடியே நிற்கும். இவ்வாறு விட்டு வைக்கும் அழுத்தத்தைத்தான் ‘பீப்’ என்கிறோம். பயிற்சி முடிந்ததும் முறைப்படி அப்புறப்படுத்திவிடுகிறோம். அடுப்பிற்குச் செல்வதில்லை என்று உறுதி கூறுகிறோம்.

இதெல்லாம் கருவியோடு பழகுவது. மனிதர்களோடு பழகுவது மற்றொரு பகுதி. மாதிரி நோயாளிப் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, ஒரு மருத்துவ மாணவரையும் இரு செவிலியரையும் உள்ளே அனுப்பி, திடீரென மணியை ஒலிக்க விடுகிறோம். பத்தில் ஏழெட்டுப் பேர் முதலில் செய்வது மணியை அமர்த்துவதுதான். கருவி ஏன் கூவுகிறது என்று பார்ப்பது அதன் பிறகு. குழாய் இடம் நழுவியதா, சளியால் அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்ததா, கருவியே பழுதா என்று வரிசையாக எண்ணிப் பார்க்கும் ஒழுங்கு, பத்து முறை தவறிய பின்னரே படிகிறது. எல்லாவற்றினும் கடினமானது செவிலியரைப் பேச வைப்பது. தவறு நடப்பதைக் கண்டும், ‘டாக்டர் செய்கிறார், அவருக்குத் தெரியாதா’ என்று வாய்மூடி நிற்பது நம் மருத்துவமனைகளில் மரியாதை எனக் கருதப்படுகிறது. அந்த ஆஸ்துமா இரவில் ஒரு செவிலியர் மரியாதை பாராததால்தான் அந்தப் பெண் பிழைத்தார். ஆகவே எங்கள் அறையில் மாணவரைத் தவறு செய்யும்படி இரகசியமாகச் சொல்லி வைத்து, செவிலியர் தடுக்கிறாரா என்று பார்ப்பதுண்டு. முதல் நாளில் தடுப்போர் மிகச் சிலர். மூன்றாம் நாளில் பலர்.

எளிய அளவீடு ஒன்று எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். கடும் நுரையீரல் பாதிப்புற்ற 861 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு மூச்சுக்கு, உயரத்திற்கேற்ற எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் கொடுக்கப்பட்டவர்களில் 31 பேர். புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை, பொத்தானைக் குறைவாகத் திருப்பியது மட்டுமே. ‘உயரத்திற்கேற்ற எடை’ என்பதைக் கவனியுங்கள். 155 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஒரு தாயாருக்கு, கணக்கிற்கு எடுக்க வேண்டிய எடை ஏறத்தாழ 48 கிலோதான். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. சரியான அளவு 290 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. எடைப் பொறியில் கண்ட 75ஐ வைத்துக் கணக்கிட்டால் 450 ஆகிவிடும். எனவே எங்கள் மாணவர் எவரும் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கையில் எடுக்க வேண்டியது தையற்காரரின் அளவு நாடா. பொம்மைக்கும் அளக்கச் சொல்கிறோம். சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அளக்கிறார்கள்.

பாவனைப் பயிற்சியால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. ரப்பர்ப் பைக்குச் சிறுநீரகம் இல்லை, பயமில்லை, வாசலில் அழுதுகொண்டு நிற்கும் மகனில்லை. பொம்மையிடம் சிறப்பாகச் செய்தவர் படுக்கையருகே தடுமாறுவதையும் கண்டிருக்கிறோம். சிகாகோ நகரின் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பாவனைப் பயிற்சி பெற்ற முதலாண்டு மருத்துவர்கள், வழக்கமான முறையில் மட்டும் பயின்றவர்களைவிட நோயாளியின் படுக்கையருகே மேலாகச் செயல்பட்டனர் என்று கண்டனர். 2017இல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் வெண்டிலேட்டர் பயிற்சிக்குக் கணினித் திரையைவிடப் பொம்மையே மேலெனத் தெரிந்தது. அறிவும் திறனும் வளர்கின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. அதனால் இறப்பு இவ்வளவு குறைந்தது என்று எண்ணிக் காட்டும் சான்று அவ்வளவு வலுவாக இல்லை. விற்பனையாளர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். விலையுயர்ந்த பொம்மையை வாங்கி உறை போட்டு மூடி வைப்பதைவிட, ரப்பர் வளையத்தோடு வாரம் ஒரு நாள் உட்காரும் ஓர் ஆசிரியர் மேல் என்பது எங்கள் அனுபவம்.

இப்போது உங்கள் முன்மொழிவுக்கு வருகிறோம். 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது நாடெங்கும் வெண்டிலேட்டர் என்ற ஒரே பேச்சு. அவ்வாண்டு மே மாதம் பி.எம்.கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 உள்நாட்டுக் கருவிகள் வாங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஒன்றுக்கு நான்கு இலட்சம் ரூபாய் என்று கணக்காகிறது. கருவிகள் வந்தன. இயக்கத் தெரிந்தோர் போதாமல் அவற்றுள் பல பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்ததாகப் பல மாநிலங்களிலிருந்தும் செய்திகள் வந்தன. எங்கள் கண்ணெதிரிலும் அப்படிக் கிடந்தன. தோல் நோய் மருத்துவரும் கண் மருத்துவரும் முழு உடற்கவசம் அணிந்து, வாழ்நாளில் தொட்டிராத கருவியின் முன் நின்றனர். ஒருவர் கண்ணாடிக்குப் பின்னிருந்து எங்களைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிலிருக்கிறது. அவருக்கு நாங்கள் காகிதத்தில் மூன்று எண்களை எழுதிக் கதவின் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினோம். அன்றைய பயிற்சி அவ்வளவே.

ஆகவே எங்கள் கருத்து இது. வெண்டிலேட்டர் வாங்கித் தருவதாயின் அந்த மருத்துவமனையிடம் முதலில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்போதுள்ள கருவிகளில் இயங்குபவை எத்தனை? இரவுப் பணியில் அதனை இயக்கப் பழகியவர் எத்தனை பேர்? பழுதானால் பராமரிப்பது யார்? முதல் கேள்விக்கு ‘போதிய அளவு உண்டு’ என்றும் இரண்டாவதற்கு ‘மிகச் சிலர்’ என்றும் விடை வருமானால், அதுவே வருமென நாங்கள் எதிர்பார்க்கிறோம், அத்தொகையின் ஒரு பகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். துருத்தி நுரையீரல் ஒன்று, குழாய்கள், பழைய வெண்டிலேட்டர் ஒன்றைப் பழுது நீக்கிப் பயிற்சிக்கென்றே ஒதுக்கி வைக்கும் செலவு, மாதம் ஒருமுறை வட்டார மருத்துவமனைகளின் செவிலியர்களை வரவழைத்துத் திருப்பி அனுப்பும் வண்டிச் செலவு ஆகியவையே தேவை. கற்பிக்க நாங்கள் ஊதியம் கேட்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு என்பதை அறிவோம். வெண்டிலேட்டர் மீது ‘ஜமாஅத் அன்பளிப்பு’ என்று பெயர்ப் பலகை பதிக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம். செவிலியர் ஒருவரின் கைப்பழக்கத்தின் மீது பெயர் பதிக்க இடமில்லை. கொடுப்போரிடம் இதனை விளக்கும் பொறுப்பு நிர்வாகக் குழுவுடையது. எங்களால் இயன்றது உடனிருந்து சாட்சி சொல்வது.

தேவைப்படும் பொருள்களின் பட்டியலைச் செயலாளர் அவர்களிடம் எழுதிக் கொடுத்துள்ளோம். அடுத்த பயிற்சி நாளில் உறுப்பினர் பத்துப் பேர் வரை நேரில் வந்து பார்க்கலாம். மருத்துவம், செவிலியம் பயிலும் பிள்ளைகள் இருப்பின் அவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்புங்கள். அன்று காலை ஆட்டு நுரையீரல் உண்டு. பழக்கமில்லாதோர் வெறும் வயிற்றோடு வர வேண்டாம். இனி உங்கள் கேள்விகளை எதிர்நோக்குகிறோம்.